பந்தய விளையாட்டுகளில் என்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் முறை: எங்கே பிழை, எப்படித் திருத்தலாம்?

கேள்வி இதுதான். கிரான் டூரிஸ்மோ போன்ற ஒரு கார்ப் பந்தய வீடியோ விளையாட்டில், 400 குதிரைத்திறன் வரம்புள்ள ஆன்லைன் அறையில் ஓட்டுகிறீர்கள். உங்கள் கார் இயல்பாகவே 400 தருவது. நண்பர் 600 தரும் காரைப் பவர் லிமிட்டர் மூலம் 400-க்கு இறக்கிக்கொண்டு வருகிறார். இரண்டுக்கும் எடை ஒன்று, டயர் ஒன்று. ஆனாலும் ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் அவர் உங்களைத் தாண்டிப் போகிறார். இது அவருடைய திறமையா, ஏமாற்று வேலையா, விளையாட்டின் பிழையா? பிழை என்றால் அதை எப்படிச் சரிசெய்யலாம்?

அவர் ஏமாற்றவில்லை. நீங்களும் மோசமாக ஓட்டவில்லை. "400" என்று விளையாட்டு அளந்து பார்ப்பது என்ஜினின் உச்சியை மட்டும்தான். கார் உச்சியில் இருப்பது கொஞ்ச நேரமே. ஓட்டத்தின் பெரும்பகுதியை அது உச்சிக்கு ஏறும் சரிவில்தான் கழிக்கிறது. அந்தச் சரிவை யாரும் அளக்கவில்லை.

ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு சக்தி வரைகோடு உண்டு. கிடைமட்டத்தில் நிமிடச் சுழற்சி, செங்குத்தில் குதிரைத்திறன். உங்கள் கார் 7,500 சுழற்சியில் 400 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முறுக்குவிசை (என்ஜின் தன் தண்டைத் திருகும் விசை) ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும் என்ஜின் என்றால் 6,000 சுழற்சியில் அதன் சக்தி சுமார் 320-தான். நீங்கள் 7,800 வரை ஏற்றி அடுத்த கியருக்கு மாறுகிறீர்கள். இரு கியர்களுக்கும் இடையிலான விகிதம் 1.3 என்றால் சுழற்சி 6,000-க்கு விழும். அங்கிருந்து மறுபடி ஏறவேண்டும். ஆக, ஒவ்வொரு கியரிலும் நீங்கள் உண்மையில் பயன்படுத்துவது 320-க்கும் 400-க்கும் நடுவே ஏறி இறங்கும் சக்தி. சராசரி சுமார் 365.

நண்பரின் கார் 600 குதிரைத்திறனுக்காகப் பிறந்தது. அது 4,800 சுழற்சியிலேயே 400-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேலே உள்ளதை லிமிட்டர் வெட்டிவிடுகிறது. கிரான் டூரிஸ்மோவின் ஐந்தாம், ஆறாம் பாகங்களில் லிமிட்டரை இறக்கிவிட்டு வரைகோட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும்: மலையின் உச்சியைக் கத்தியால் சீவியது போல ஒரு தட்டையான மேடு. 4,800-லிருந்து 7,500 வரை எங்கே தொட்டாலும் 400. கியர் மாற்றி விழுந்தாலும் 400, வளைவிலிருந்து ஒரு கியர் அதிகமாக வைத்து வெளியே வந்தாலும் 400. அவருடைய சராசரி 400-ஆகவே நிற்கிறது.

35 குதிரைத்திறன் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். 1,300 கிலோ கார், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்த 35 குதிரைத்திறன் ஏறக்குறைய 26 கிலோவாட்; ஒவ்வொரு வினாடியும் அவருடைய வேகம் உங்களுடையதைவிட வினாடிக்கு 0.4 மீட்டர் அளவுக்குக் கூடுதலாக ஏறும். எட்டு வினாடி நீளமுள்ள ஒரு நேர்ப்பாதையில் அது பத்து மீட்டருக்கு மேல் இடைவெளி தரும், அதாவது இரண்டு கார் நீளம். நீங்கள் பின்கண்ணாடியில் பார்ப்பதும், பிறகு முன்கண்ணாடியில் பார்ப்பதும் இந்த இரண்டு கார் நீளத்தைத்தான்.

உச்சி எண் ஒன்றாக இருப்பதால் கார்கள் சமமாகிவிடாது என்பதற்கு விளையாட்டு உலகத்துக்கு வெளியேயே அழகான சான்று ஒன்று உண்டு. 1989 முதல் 2004 வரை ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன: உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை. கிரான் டூரிஸ்மோவின் பழைய பாகங்களில் ஜப்பானியக் கார்ப் பட்டியலைப் புரட்டினால் 280, 280, 280 என்று வரிசையாக வருவது இதனால்தான். அந்த வரிசையில் டொயோட்டா சூப்ராவையும் ஹோண்டா என்எஸ்எக்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலச் சூப்ரா 5,600 சுழற்சியில் 280 தருகிறது, 3.2 லிட்டர் என்எஸ்எக்ஸ் 7,300 சுழற்சியில் அதே 280-ஐத் தருகிறது. சூப்ராவின் உச்ச முறுக்குவிசை 451 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,600 சுழற்சியிலேயே. என்எஸ்எக்ஸின் உச்ச முறுக்குவிசை 304, அது வருவது 5,300 சுழற்சியில். முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கினால் சக்தி வரும்; அப்படிப் பார்த்தால், சூப்ரா 3,600-இல் தரும் சுமார் 230 குதிரைத்திறனை எட்ட என்எஸ்எக்ஸ் 5,300 வரை ஏறவேண்டும். காகிதத்தில் இரண்டும் ஒன்று. (என்எஸ்எக்ஸ் எடை குறைந்தது, என்ஜின் நடுவில் இருப்பது; அதனால் அது தோற்கும் கார் அல்ல. சக்தியைப் பற்றிய அந்த ஒற்றை எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.)

நிஜப் பந்தயத்தில் சக்தியை எப்படிக் குறைக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விளையாட்டில் எதைத் திருத்துவது என்று விளங்கும். அங்கே நெடுநாள் நிலைத்த கருவி ரெஸ்ட்ரிக்டர், அதாவது காற்று உள்ளே போகும் வழியில் வைக்கும் ஒரு குறுகிய கழுத்து. அதில் நகரும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் அது செய்யும் வேலை மிக நுட்பமானது. என்ஜின் வேகமாக உறிஞ்ச உறிஞ்ச, கழுத்தில் காற்றின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் அது ஒலியின் வேகத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் என்ஜின் எவ்வளவு முயன்றாலும் ஒரு வினாடிக்கு உள்ளே போகும் காற்றின் நிறை கூடாது. பின்னால் எத்தனை பெரிய டர்போவை (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவியை) வைத்தாலும் இதே கதைதான்.

உலக ராலிப் போட்டிகளில் 1995 முதல் டர்போவுக்கு முன்னால் 34 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் கட்டாயம் ஆனது. அந்தக் கழுத்தின் பரப்பு சுமார் 9 சதுர சென்டிமீட்டர். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அதன் வழியாக வினாடிக்கு அதிகபட்சம் 0.22 கிலோ காற்றுதான் போகமுடியும். ஒரு கிலோ காற்றைக் கொண்டு எரிக்கக்கூடிய பெட்ரோல் ஏறத்தாழ 2.9 மெகாஜூல் ஆற்றல் தரும். பெருக்கினால் 640 கிலோவாட்; அதில் மூன்றில் ஒரு பங்கு என்ஜினின் சுழல்தண்டுக்கு வரும் என்றால் 213 கிலோவாட், அதாவது 290 குதிரைத்திறன். அந்தக் கால ராலிக் கார்களுக்குச் சொல்லப்பட்ட எண் சுமார் 300. ஒரு ஓட்டையின் விட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே காரின் சக்தியைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றுவரை வியப்பூட்டும் விஷயம். பின்னர் 1.6 லிட்டர் என்ஜின்கள் வந்தபோது 33 மில்லிமீட்டர். 2017-இல் அது 36 ஆனது, 300-க்குச் சற்று மேலே இருந்த சக்தி 380-க்கு ஏறியது. மூன்று மில்லிமீட்டர்தான் கூடியது. பரப்பில் அது 19 சதவீதம்.

இந்த ஓட்டைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அதே 1995-இல் டொயோட்டா அணி காட்டிக்கொடுத்தது. கட்டலோனியா ராலியில் அவர்களுடைய செலிகாவின் ரெஸ்ட்ரிக்டர் அமைப்பைப் பிரித்துப் பார்த்தபோது, குழாயைப் பொருத்தி இறுக்கியதும் ரெஸ்ட்ரிக்டர் சில மில்லிமீட்டர் நகர்ந்து, பக்கவாட்டில் காற்றுக்கு வழி திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. பரிசோதனைக்குக் குழாயைக் கழற்றினால் வழி தானாக மூடிக்கொள்ளும். அணியின் அந்த ஆண்டுப் புள்ளிகள் அனைத்தும் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு முழுக்கத் தடை. அப்போது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லியே அதன் நுட்பத்தை வியந்து பேசினார்.

இனி, ரெஸ்ட்ரிக்டர் போட்ட என்ஜினின் வரைகோடு எப்படி இருக்கும்? காற்றின் அளவு நிலைத்துவிட்டால் எரியும் பெட்ரோலின் அளவும் நிலைத்துவிடும். ஆகவே சக்தியும் அங்கே கிட்டத்தட்ட நிலைத்துவிடும். அப்படியானால் விளையாட்டு காட்டும் தட்டையான மேடு சரிதானே என்று கேட்கலாம். பாதி சரி. விளையாட்டை நியாயமாக விமர்சிக்கவேண்டும் என்றால் இதை ஒப்புக்கொண்டே தொடங்கவேண்டும். ராலிக் கார்களின் வரைகோடும் நெடுந்தூரம் தட்டையாகத்தான் இருந்தது. அவை 300 குதிரைத்திறன் மட்டும் வைத்துக்கொண்டு அப்படிப் பாய்ந்ததற்குக் காரணமே அதுதான். குறைந்த சுழற்சியில் 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசையை எடுக்கும்படி என்ஜின்களை அமைத்திருந்தார்கள்.

ஆனால் கத்தியால் சீவிய மேட்டில் மூன்று விஷயங்கள் காணாமல் போகின்றன. அவைதான் ஓட்டுபவருக்கு முக்கியமானவை.

முதலாவது, உராய்வு. காற்றும் எரிபொருளும் தரும் மொத்தச் சக்தி நிலையாக இருக்கிறது. ஆனால் பிஸ்டன், தாங்கி, வால்வு ஆகியவை தின்னும் சக்தி சுழற்சியோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகிறது. மூன்று லிட்டர் என்ஜினில் 4,800 சுழற்சியில் இது 18 குதிரைத்திறன் அளவில் இருந்தால் 7,000-இல் இரட்டிப்பாகிவிடும். ஆகவே மேடு தட்டையாக நிற்காது; வலப்பக்கம் சரியும். கழுத்து இறுக இறுக, என்ஜின் உறிஞ்சுவதற்கே கூடுதல் வேலை செய்யவேண்டியிருப்பதால் சரிவு இன்னும் கூடும். சரிவு இருந்தால் ஓட்டுநர் சுழற்சியைச் சிவப்புக் கோடு வரை, அதாவது என்ஜினுக்கு அனுமதித்த உச்சச் சுழற்சி வரை, இழுக்கமாட்டார். முன்கூட்டியே கியர் மாற்றுவார். இதற்கு மிகத் தெளிவான சான்று ஃபார்முலா ஒன். 2014-இல் அங்கே எரிபொருள் ஓட்டத்துக்கு வரம்பு வந்தது: 10,500 சுழற்சிக்கு மேல் மணிக்கு 100 கிலோ, அதற்குக் கீழே சுழற்சிக்கு ஏற்பக் குறையும் ஒரு சூத்திரம். விதி 15,000 சுழற்சி வரை அனுமதித்தது. ஆனால் பந்தயத்தில் அதைத் தொட்டவர் இல்லை. 12,000-ஐ ஒட்டியே கியர் மாற்றினார்கள். மேலே போனால் அதே பெட்ரோல், அதிக உராய்வு. அங்கே போக யாருக்கும் காரணமில்லை.

இரண்டாவது, முழங்கை. நிஜ ரெஸ்ட்ரிக்டர் ஒரு புள்ளியில் திடீரென்று வந்து தடுப்பதில்லை. ஒலி வேகத்தை எட்டுவதற்கு வெகு முன்பே கழுத்தில் அழுத்த இழப்பு தொடங்கிவிடும். வரைகோடு 400-ஐ நோக்கி நேராக ஏறி, சடாரென்று மடங்குவதற்குப் பதிலாக, 350-லிருந்தே மெல்ல வளையும். டர்போ இல்லாத என்ஜினில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, மிதிக்கு என்ஜின் பதில் சொல்லும் விதம். கழுத்து இறுகிய என்ஜினில் ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தாலே கிடைக்கவேண்டிய காற்றில் பெரும்பங்கு கிடைத்துவிடும். மீதிப் பாதி மிதிப்பதால் வருவது கொஞ்சம்தான். வளைவிலிருந்து வெளியே வரும்போது காலின் வேலை முழுக்க மாறிவிடும். 600 குதிரைத்திறன் காரின் ஆக்சிலரேட்டரும் 400-க்கு இறக்கிய காரின் ஆக்சிலரேட்டரும் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பே இல்லை. சத்தமும் மாறும். எரிபொருள் செலவும் குறையும். நெடும் பந்தயத்தில் பிட் நிறுத்தங்களின் கணக்கையே அது மாற்றிவிடும்.

ஆகவே முதல் திருத்தம்: சக்தியை வெட்டாமல் காரணத்தை வெட்டவேண்டும். அசெட்டோ கோர்சா என்ற இன்னொரு பந்தய விளையாட்டின் கார்க் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே என்ஜின் என்பது அடிப்படையில் ஓர் எளிய உரைக் கோப்பு; ஒவ்வொரு சுழற்சிக்கும் எவ்வளவு முறுக்குவிசை என்ற அட்டவணை. இவ்வளவு எளிய மாதிரியிலேயே இதைச் செய்துவிடலாம். அட்டவணையில் உள்ள முறுக்குவிசையோடு உராய்வைக் கூட்டிச் சுழற்சியால் பெருக்கினால் எரிப்பு தரும் மொத்தச் சக்தி வரும். அதற்கு மேல்வரம்பு வையுங்கள். வரம்பை நெருங்கும் இடத்தில் மெல்ல வளையும்படி செய்யுங்கள். பிறகு உராய்வை மறுபடி கழித்துவிடுங்கள். அவ்வளவுதான். சில வரிக் கணக்கு. புதிய இயற்பியல் என்ஜின் எதுவும் எழுதவேண்டியதில்லை. டர்போ உள்ள கார்களுக்குக் காற்று வரம்போடு பூஸ்ட் அழுத்தத்தின் (டர்போ காற்றை அழுத்தும் அளவின்) வரம்பையும் சேர்க்கலாம். சாலைக் கார்களிலிருந்து உருவான ஜிடி3 கார்களின் நிஜப் பந்தயங்கள் பலவற்றில் டர்போக் கார்களுக்கு ஒவ்வொரு சுழற்சிக்கும் இவ்வளவு பூஸ்ட் என்று அட்டவணை போட்டுத்தான் சமநிலை செய்கிறார்கள். டர்போ இல்லாதவற்றுக்கு ரெஸ்ட்ரிக்டர் விட்டம்.

மின்சாரக் கார்களை மட்டும் இதிலிருந்து விலக்கிவிடலாம். அவற்றில் தட்டையான மேடுதான் இயற்கை. மோட்டாரும் மின்கலமும் தரும் சக்திக்கு மின்னணுக் கட்டுப்பாடு வரம்பு வைக்கிறது. கத்தி வெட்டு அங்கே பொய் அல்ல.

இத்தனையும் செய்தபிறகு உங்கள் நண்பர் நேர்ப்பாதையில் உங்களைத் தாண்டாமல் இருப்பாரா? அப்போதும் தாண்டுவார், கொஞ்சம் குறைவாகத் தாண்டுவார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான விவாதங்கள் தடுமாறுகின்றன. ரெஸ்ட்ரிக்டரை நிஜம் போல ஆக்கினால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. நிஜ ரெஸ்ட்ரிக்டரே பெரிய என்ஜினுக்குச் சாதகமானது. ஒரே கழுத்தின் வழியாக மூச்சு விடும் இரண்டு என்ஜின்களில், குறைந்த சுழற்சியிலேயே அந்தக் கழுத்தை நிரப்பிவிடும் பெரிய என்ஜினுக்குப் பரந்த சக்தி கிடைக்கும். அதனால்தான் நிஜப் பந்தய விதிகள் எல்லோருக்கும் ஒரே விட்டம் என்பதோடு நிற்பதில்லை. என்ஜின் கொள்ளளவுக்கு ஒரு வரம்பு, எடைக்கு ஒரு வரம்பு, டர்போ உண்டா இல்லையா என்பதற்கு ஒரு கணக்கு என்று சேர்த்தே வைக்கிறார்கள். பழைய ஃபார்முலா 3-இல் 26 மில்லிமீட்டர் கழுத்தும் இரண்டு லிட்டர் கொள்ளளவும் சேர்ந்தே விதியாக இருந்தன. சுமார் 210 குதிரைத்திறன் கார்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கமாக ஓடியதற்கு அந்த இரண்டும் சேர்ந்திருந்ததே காரணம்.

ஆக, விளையாட்டில் இரண்டு வேலைகள் ஒரே திருகாணியில் மாட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, என்ஜினைச் சுருக்குவது. அது உண்மையைச் சார்ந்தது. மற்றொன்று, அறைக்குள் வரும் கார்களைச் சமப்படுத்துவது. அது நியாயத்தைச் சார்ந்தது. இரண்டையும் பிரித்தால்தான் இரண்டும் சரியாகும்.

நியாயத்துக்கு என்ன அளவுகோல்? அறை உருவாக்குபவர் "அதிகபட்சம் 400" என்று எழுதும் அந்தப் பெட்டியில் உச்சிச் சக்திக்குப் பதிலாக வேறொன்று இருக்கவேண்டும். பயன்படுத்தும் சுழற்சிப் பட்டையின் சராசரி என்று பலர் சொல்வார்கள். அது உச்சியைவிட எவ்வளவோ மேல். ஆனால் எளிய சராசரியிலும் ஒரு சிறு பிழை ஒளிந்திருக்கிறது. சக்தி குறைந்த இடத்தில் கார் மெதுவாக ஏறுகிறது. ஆகவே அங்கேயே அதிக நேரம் செலவிடுகிறது. 320-இல் இருக்கும் நேரம் 400-இல் இருக்கும் நேரத்தைவிட அதிகம். எளிய சராசரி இதைக் கண்டுகொள்ளாது. எனவே என் பரிந்துரை நேராக நேரத்தையே அளப்பது. அறையின் எடை வரம்பில் அந்தக் காரை வைத்து, மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 220 வரை ஏற எத்தனை வினாடி ஆகிறது என்று விளையாட்டே கணக்கிடட்டும். அறைக்கு ஒரு மாதிரி நேரம் இருக்கும். உங்கள் கார் அதைவிட வேகமாக ஏறினால் ரெஸ்ட்ரிக்டர் விட்டம் தானாகச் சுருங்கும், நேரம் ஒத்துவரும் வரை. அப்போது உங்கள் நண்பரின் காருக்கு எழுத்தில் 400 வராது. 370-ஐ ஒட்டி வரலாம். அவருக்கு முதலில் கோபம் வரும். ஆனால் நேர்ப்பாதையின் முடிவில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பீர்கள். பிரேக் போடும் இடத்தில் யார் துணிச்சலானவர் என்பதுதான் முடிவைச் சொல்லும். பந்தயம் என்று நாம் சொல்வது அதைத்தானே!

இந்த அளவீட்டில் ஒரு பொறி உண்டு. கிரான் டூரிஸ்மோ 7-இல் காரின் தர எண், டயரையும், ஓடும் காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் அமைப்புகளையும் மாற்றினால்கூட மாறும், நல்ல யோசனை. ஆனால் சில வினோதமான அமைப்புகளைப் போட்டால் எண் சரிந்துவிடும், கார் மட்டும் மெதுவாகாது என்று விளையாடுபவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு புதுப்பிப்புகள் மூலம் அடைக்கவேண்டியிருந்தது. அளக்கும் கருவி ஒன்று இருந்தால் அதை ஏமாற்றும் வழியை ஆயிரம் பேர் இரவும் பகலும் தேடுவார்கள். டொயோட்டாவின் பொறியாளர்கள் செய்ததை வீட்டில் உட்கார்ந்து செய்வார்கள். முடுக்க நேரத்தை அளக்கும்போதும் இது நடக்கும்: கியர் விகிதங்களை அபத்தமாக வைத்து அளவீட்டில் மெதுவாகக் காட்டிக்கொள்ளலாம். இதைத் தவிர்க்க ஒரு வழி, ஓட்டுநர் வைத்த கியர்களை அளவீட்டுக்கு எடுத்துக்கொள்ளாமல், அந்த என்ஜினுக்கு மிகச் சிறந்த கியர் விகிதங்களை விளையாட்டே தேடி, அவற்றைக் கொண்டு அளப்பது. காரின் இயலுமையை அளந்தால் போதும். அமைப்பு வைப்பது ஓட்டுநரின் பாடு. மோசமான கியர் வைத்தால் நட்டம் அவருக்கே.

நிஜ உலகமும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. நெடுந்தூரப் பந்தயங்களில் 2021-இல் தொடங்கிய லே மான் ஹைப்பர்கார் வகுப்பில் சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளிலேயே முறுக்குவிசை உணரிகள் இருக்கின்றன. எந்த என்ஜின், எத்தனை சிலிண்டர், டர்போ உண்டா என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விட்டன. சக்கரத்துக்கு வரும் சக்தி விதி சொல்லும் கோட்டைத் தாண்டக்கூடாது. 2024-இல் இதற்கு மேல் ஒரு படியாக, குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே தனியாகச் சக்தியைக் கூட்டவோ குறைக்கவோ வழி செய்தார்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது சமமாக இருந்து, நீண்ட நேர்ப்பாதையில் மட்டும் பின்தங்கும் காரை அதனால் சரிசெய்யமுடிகிறது. விளையாட்டுகளுக்கு இது இன்னும் எளிது. உணரி வேண்டாம், பொறியாளர் வேண்டாம், ஒவ்வொரு எண்ணும் ஏற்கெனவே கணினியின் நினைவகத்தில் இருக்கிறது.

சக்தியைக் குறைப்பது பந்தயத்தின் குணத்தையே மாற்றிவிடும் என்பதையும் விளையாட்டு செய்பவர்கள் மறக்கக்கூடாது. 1987 மே மாதம் அமெரிக்காவின் டாலடேகா தடத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் பறந்து பார்வையாளர் வேலியைக் கிழித்தது. அதே வாரத்தில் தகுதிச் சுற்றில் பில் எலியட் மணிக்கு 342 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தார். அடுத்த ஆண்டு முதல் டாலடேகாவிலும் டேட்டோனாவிலும் கார்புரேட்டருக்குக் கீழே நான்கு ஓட்டைகள் உள்ள ஒரு தட்டு கட்டாயமானது. வேகம் குறைந்தது, கூடவே யாரும் தனியாக விலகிப் போகமுடியாமல் நாற்பது கார்கள் ஒரே கூட்டமாக ஓடும் புதிய பந்தயம் பிறந்தது. தாண்டுவதற்குச் சக்தி மிச்சமில்லாததால், முன்னால் போகும் காரின் காற்று மறைப்பே எல்லாமாகிவிட்டது. 2019 டேட்டோனா 500-தான் அந்தத் தட்டு பயன்பட்ட கடைசிப் பந்தயம்; பிறகு வேறு வடிவத் தடுப்பு வந்தது. ஆன்லைன் அறையில் எல்லோரையும் மிகக் குறைந்த சக்திக்கு இறக்கிவிட்டுப் பெரிய தடத்தில் ஓட்டிப் பாருங்கள். இதே கூட்டம் கூடும். அறை அமைப்பவருக்கு இது தெரிந்திருந்தால் தடத்துக்கு ஏற்ற வரம்பைத் தேர்ந்தெடுப்பார்.

எடை சேர்த்துச் சமன்செய்வதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். எடை முடுக்கத்தைக் குறைக்கும். கூடவே பிரேக்கையும் டயரையும் வளைவு வேகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். நேர்ப்பாதைப் பிரச்சினைக்கு நேர்ப்பாதையில் வேலை செய்யும் மருந்துதான் வேண்டும். சிறு திருத்தங்களுக்கு எடை நல்லது.

இன்னொரு சிறிய ஆசை: வரைகோட்டைக் காட்டுங்கள். லிமிட்டரை நகர்த்தும்போது பழைய கோடு மங்கலாகவும் புதிய கோடு அழுத்தமாகவும் தெரியட்டும். கியர் மாற்றும்போது சுழற்சி எங்கே விழும் என்று நிழலிட்டுக் காட்டட்டும். அறைக்குள் நுழையும் ஒவ்வொரு காரின் கோட்டையும் மற்றவர்கள் பார்க்கலாம் என்றால் "எப்படித் தாண்டினான்?" என்ற சண்டையில் பாதி எழாது. பதினைந்து வயதுப் பையனுக்கு முறுக்குவிசைக்கும் சக்திக்கும் உள்ள உறவை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் பாடம் இருக்கமுடியாது. நான் அதைக் கற்றுக்கொண்டதே இந்த விளையாட்டுகளின் அமைப்புத் திரையில்தான்; பாடப்புத்தகம் பிறகுதான் வந்தது.

இவையெல்லாம் விளையாட்டு செய்பவர்கள் செய்யவேண்டியவை. அதுவரை நீங்கள் என்ன செய்வது? உச்சிச் சக்தி மட்டும் பார்க்கும் அறையில் ஓட்டவேண்டும் என்றால், வரம்புக்குச் சரியாகப் பொருந்தும் காரைத் தேடாதீர்கள். வரம்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் தரும், ஆனால் எடை குறைந்த காரை எடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியபிறகு கியர் விகிதங்களை நீளமாக்குங்கள்; மேடு அகலமாக இருப்பதால் ஒரு கியர் மாற்றத்தையே சேமிக்கலாம். தட்டையான மேட்டில் சிவப்புக் கோடு வரை இழுப்பதால் எந்தப் பயனும் இல்லை. அடுத்த கியரில் மேட்டுக்குள்ளேயே விழுவோம் என்ற நிலை வந்ததும் மாற்றிவிடுங்கள்.

அறையை அமைப்பவர் நீங்களே என்றால் நிலைமை இன்னும் நல்லது. நானும் நண்பர்களும் வார இறுதிகளில் ஓட்டும் சிறு தொடரில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: எந்தக் காரையும் அதன் இயல்புச் சக்தியில் பத்து சதவீதத்துக்கு மேல் இறக்கக்கூடாது. 400 அறைக்கு 444 வரை உள்ள கார்கள் வரலாம், 600 வரமுடியாது. விளையாட்டில் இதற்குத் தனி அமைப்பு இல்லையென்றால் கார்ப் பட்டியல் ஒன்றைப் போட்டு எல்லோரும் ஒப்புக்கொண்டால் போதும். அசெட்டோ கோர்சா போன்றவற்றில் சர்வரை நீங்களே நடத்தினால் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக ரெஸ்ட்ரிக்டர் சதவீதமும் கூடுதல் எடையும் கொடுக்கலாம். ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். யாரும் இல்லாத தடத்தில் ஒவ்வொரு காரையும் 80-லிருந்து 220 வரை மூன்று முறை ஓட்டி, நேரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். வேகமான காருக்கு இரண்டிரண்டு சதவீதமாகக் கூட்டிக்கொண்டே போய், எல்லா நேரங்களும் கால் வினாடிக்குள் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்தக் காகிதத்தை அறையில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பந்தயத்தைத் தொடங்குங்கள்.